நாலாவது சான்றிதழ்

நாலைந்து மாதத்துக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு விழா. சிறப்பு விருந்தினர் – அடியேன்.

வாரா வாரம் பத்தி எழுதுகிறவனுக்கு இப்படிச் சில தண்டனைகள் உண்டு. கொளுத்துகிற வெயிலில் சால்வை போர்த்துவார்கள். கூடவே ஒரு மரக்கன்று தருவார்கள். ஃப்ளாட்டில் குடியிருக்கிறவன் மரக்கன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? யாரும் யோசிப்பதில்லை. இப்படி வந்து சேர்ந்த வேம்பும் புங்கையும் என் வீட்டு பால்கனித் தொட்டியில் முழங்கால் உயரத்துக்கு மேல் வளர மாட்டேன் என்று அடம்பிடிக்கின்றன.

விழா எதற்கு? 'பசுமை வேலைவாய்ப்புப் பயிற்சி' முடித்தவர்களுக்குச் சான்றிதழ். மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டுவது, ஒயரிங் செய்வது, இன்வெர்ட்டர் பொருத்துவது... மூன்று மாத கோர்ஸ். இலவசம். மதியச் சாப்பாடு உண்டு, பஸ் செலவுக்கும் கொஞ்சம் தருவார்கள். ஏழ்மையிலிருந்து வெளியே வர இதுவே வழி என்று பின்னால் பேனரில் போட்டிருந்தது. நானும் மைக்கைப் பிடித்து, சூரியன் எல்லோருக்கும் பொது என்கிற ரீதியில் ஏதோ பேசினேன். பலமாகக் கைதட்டினார்கள். சாப்பாட்டு வண்டி வந்ததைப் பார்த்துத் தட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் சான்றிதழ் கொடுக்கும் படலம். பெயரைக் கூப்பிடுவார்கள், மேடைக்கு வருவார்கள், இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்போம். பாதி முடிந்திருக்கும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் வந்தார். மஞ்சள் ஹெல்மெட், பளீரென்று பச்சைக் கோட்டு. கேமராவுக்குச் சிரித்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"போன வருசமும் நீங்கதான் சார் குட்த்தீங்க."

போன வருஷம் நான் போனது ஆவடியில். வேறு அமைப்பு, வேறு பயிற்சி – குப்பையிலிருந்து உரம் தயாரிப்பது. ஆனால் சால்வை, மரக்கன்று, அதே மாதிரி மேடை... சிரிப்பும் அதேதானா?

சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயர் சுகந்தி. வீடு கரையான்சாவடி.

"உங்க காம்பவுண்ட்லதான் சார் வேலை செய்றேன். பி பிளாக்ல, ரெண்டாவது மாடி விஜயாம்மா ஊட்ல. டெய்லி உங்கள பாக்குறேன். பேப்பர கைல வெச்சுக்கினு வாட்ச்மேனாண்ட பேசிக்கினு இருப்பீங்க."

முகப்பேரில் எங்கள் காம்பவுண்டில் ஏ, பி என்று இரண்டு பிளாக். நான் ஏ. அதனால் இவரைப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டேன். பேப்பர் விஷயம் மட்டும் உண்மை.

"இதோட எத்தனை சான்றிதழ்?" என்றேன்.

"இது நாலாவது சார். எல்லாத்தையும் லேமினேசன் பண்ணி வெச்சிருக்கேன்."

"வேலை?"

"அத்த இன்னாத்துக்கு கேக்குறீங்க..."

முதலில் துணிப்பை தைக்கிற பயிற்சி. பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டுமாம். ஒழிந்தது தையல் ஆர்டர்தான். அப்புறம் உரம். அடுத்தது பேட்டரி வண்டி சர்வீஸ். வேலை கிடைத்தது, ஆனால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. ஷிஃப்ட் முடிந்து திரும்பி வர பஸ் இல்லை.

"உரத்துலயும் வேலை கெடச்சுது சார். குப்பை பிரிக்கிற எடத்துல. பச்சைக் கோட்டு புச்சா குட்த்தாங்க. தொடப்பம் பழசுதான்."

பஸ் ரூட் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டு போனார். குறைப்படுகிற குரலே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? பயிற்சி கொடுப்பவர்களுக்கு, பயிற்சி கொடுப்பது ஒரு வேலை. பேனர் அடிப்பவருக்கு வேலை. சாம்பார் சாதம் கட்டுகிறவருக்கு வேலை. என்னை மாதிரி பேசுகிறவனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. பயிற்சி எடுத்தவருக்கு மட்டும்... அடுத்த பயிற்சி.

ஆனால் இலவசப் பயிற்சியும் சும்மா வந்துவிடுவதில்லை. சுகந்தி முன்பு பல வீடுகளில் வேலை பார்த்தவர். கணவர் பெயிண்டர், மழைக்காலம் வந்தால் அவருக்கு வேலை கிடையாது. பாத்திரம் தேய்க்கும் வருமானத்தில்தான் வீடு ஓடியது. கோர்ஸ் என்று நாலு நாள் லீவு போட்டால் அந்த வீட்டில் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். இப்படி ஒவ்வொரு கோர்ஸும் ஒவ்வொரு வீடாகக் காவு வாங்கியிருக்கிறது. மிச்சம் இருப்பது விஜயா மேடம் வீடு ஒன்று. விடிவதற்குள் வந்து வேலையை முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடி, அந்த வீட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அங்கேயும் எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது – இனிமேல் லீவு போட்டால் வரவே வேண்டாம்.

"இந்த சோலார்லயாவது ஒட்டிக்கினா தேவல சார். இல்லாங்காட்டி இருக்கவே இருக்கு, அஞ்சாவது கோர்ஸ்" என்றார்.

நான் பொட்டலத்தை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வேறென்ன செய்ய?

செய்வதற்கு ஒன்று தானாகவே வந்தது. அடுத்த வாரமே எங்கள் அசோசியேஷன் பி பிளாக் மொட்டை மாடியில் சோலார் போட முடிவெடுத்தது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் ஓடும். கமிட்டியில் நானும் உண்டு. காபி குடிக்கிற உறுப்பினர். கான்ட்ராக்டர் முரளி வந்தபோது, டிரெயினிங் முடித்த பெண் ஒருவர் இருக்கிறார், சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"லேடீஸா? மாடி வேலைக்கு வேணாம் சார். ஆபீஸ்ல ஃபோன் எடுக்க ஆள் வேணும், அதுக்கு வரட்டும்."

சுகந்தியிடம் சொன்னேன். "ஃபோன் எடுக்கறதுக்கா சார் மூணு மாசம் ட்ரில்லிங் மிஷின் புட்சேன்?" என்றார். அதை அப்படியே முரளியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"சரி, இந்த சைட்ல பாத்துக்கலாம். நல்லா பண்ணாங்கன்னா டீம்லயே சேத்துக்கறேன். நடுவுல காணாம போனா மட்டும் அவ்ளோதான் சார், சொல்லிட்டேன்."

சுகந்திக்கு சந்தோஷம். கூடவே ஒரு கவலை. "விஜயாம்மாவாண்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார்.

விஜயா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை முடிந்து எங்கள் காம்பவுண்டுக்கு வந்தவர்கள். நல்லவர், சுத்தம் பார்ப்பவர், கமிட்டிக் கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர். பி பிளாக்கில் ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்கு வெளியே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது: 'வீட்டு வேலை செய்பவர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.' அதைக் கொண்டுவந்தவர் அவர்தான். லிஃப்டுக்குக் கரெண்ட் பில் ஏறுகிறது என்று காரணம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பார்த்து அவருடைய பெண்ணைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீடு நிறைய உறவுக்காரர்கள். சிங்க் நிறையப் பாத்திரம்.

மாடியில் வேலை ஆரம்பித்தது. காலையில் சுகந்தி படியேறி இரண்டாவது மாடிக்குப் போவார். பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்துவிட்டு இறங்குவார். மோட்டார் ரூம் பின்னால் போய்ப் புடவை மேல் கோட்டை மாட்டி, ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, ட்ரில்லிங் மிஷின் பையோடு லிஃப்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போவார். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் மறுபடி படிக்கட்டு, மறுபடி பாத்திரம். இவர் எப்போது சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் விஜயா மேடம் எனக்கு ஃபோன் செய்தார். "சார், மேல ட்ரில் போடற அந்த ஆளக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். மண்டைய பிளக்குது."

நான் பால்கனியில் வந்து எதிரே பி பிளாக் மாடியைப் பார்த்தேன். 'அந்த ஆள்' முட்டி போட்டுக்கொண்டு தரையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். கோட்டுக்குக் கீழே சிவப்புப் புடவை தெரிந்தது.

"சொல்றேன் மேடம்" என்றேன்.

கடைசி நாள். எல்லாம் தயார், ஸ்விட்ச் போட வேண்டியதுதான் பாக்கி. நம் ஊரில் சும்மா போட்டுவிடுவோமா? பேனலுக்குச் சந்தனம், குங்குமம். இன்வெர்ட்டருக்கு ஒரு முழம் மல்லி. சூடம், பூசணிக்காய். கமிட்டி மொத்தமும் மாடியில் ஆஜர். ஃபோட்டோவுக்காக முரளி தன் ஆட்களை வரிசையாக நிறுத்தினார். ஒரு ஆள் குறைந்தது.

"எங்க சார் உங்க ஆளு? கடைசி கனெக்‌ஷன் குடுத்தது அவங்கதான். பூஜை நேரத்துல காணோம். நான் அப்பவே சொன்னேன்ல?" முரளியின் முகம் மாறிவிட்டது.

எங்கே என்று எனக்குத் தெரியும். கீழே போனேன்.

விஜயா மேடம் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்தாகிவிட்டது. செருப்புகளுக்கு நடுவே மஞ்சள் ஹெல்மெட், கவிழ்த்து வைத்தபடி. அதற்குள் பச்சைக் கோட்டு மடித்திருந்தது. உள்ளே பஜ்ஜி வாசனை.

அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. வாசலில் நின்றபடியே சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன். "சுகந்தி, சீக்கிரம் மேல வாங்க. கனெக்‌ஷன் குடுத்தது நீங்கதானே, முரளி தேடறார்!"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், மாப்பிள்ளை உட்பட. விஜயா மேடம் என்னைப் பார்த்தார், வாசலில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார், சமையலறையிலிருந்து சோப்பு நுரைக் கையோடு எட்டிப் பார்த்த சுகந்தியைப் பார்த்தார்.

"ட்ரில் போட்டது... நீயா?"

"ஆமாம்மா."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சுகந்திக்கு மிச்சமிருந்த ஒரே வீட்டையும் நானே காலி செய்துவிட்டேனே என்று இருந்தது. நிஜமாகவே வருத்தப்பட்டேன்.

விஜயா மேடம் திட்டவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் எப்படித் திட்ட முடியும்? குரலைத் தாழ்த்தி ஒன்றுதான் கேட்டார். அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"அப்போ... நாளையிலேருந்து வரமாட்டியா?"

சுகந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வராம இன்னாம்மா? சோலார் ஒருதபா மாட்னா இருவத்தஞ்சு வருசத்துக்கு அப்டியே நிக்குமாம். உங்க ஊட்டு பாத்திரம் நாளைக்கும் கெடக்கும்ல?"

மாப்பிள்ளையின் அப்பா சத்தமாகச் சிரித்தார். அவருக்கு சோலாரில் ஆர்வம் போலிருக்கிறது. "எங்க வீட்டுக்கும் போடணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன். வாங்க, மேல போய்ப் பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார். சம்பந்தி எழுந்தால் விஜயா மேடம் உட்கார்ந்திருக்க முடியுமா? அவரும் கிளம்பினார்.

லிஃப்ட் வந்தது. சுகந்தி அதற்குள் கோட்டு, ஹெல்மெட் எல்லாம் மாட்டியாகிவிட்டது. பழக்க தோஷம், நேராக உள்ளே ஏறி நின்றுகொண்டார். சம்பந்தியும் ஏறினார். விஜயா மேடம் மட்டும் நோட்டீஸ் பக்கத்தில் நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பி, கமிட்டி உறுப்பினரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"சார்... இப்போ இவ லிஃப்ட்ல வரலாமா?"

கிண்டல் இல்லை. உண்மையான சந்தேகம். பதில் லிஃப்டுக்குள்ளேயிருந்து வந்தது.

"ஹெல்மெட் போட்டுக்கினா வரலாம்மா. ஏறுங்க."

ஏறினார்.

முரளி முதலில் முறைத்தார். பிறகு ஸ்விட்ச்சை சுகந்தியையே போடச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. பூசணிக்காய் உடைந்தது. இப்போது சுகந்தி அவர் டீமில் இருக்கிறார். குமணன்சாவடியில் ஒரு சைட் முடிந்து, அடுத்தது பூந்தமல்லியில் நடக்கிறது. சைட் உள்ள நாளில் சம்பளம், இல்லாத நாளில் இல்லை. அதனால் விஜயா மேடம் வீட்டையும் அவர் விடவில்லை. காலையில் வருகிறார், படியேறித்தான் போகிறார். நோட்டீஸும் அப்படியே ஒட்டியிருக்கிறது. லிஃப்ட் இப்போது சூரிய ஒளியில் ஓடுகிறது, கரெண்ட் பில் காரணம் செல்லாது. ஆனாலும் கமிட்டியில் யாரும் பேச்செடுக்கவில்லை. இந்தத் தடவை காபியைக் கீழே வைத்துவிட்டு நானே எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

சுகந்தி ஏழ்மையிலிருந்து வெளியே வந்துவிட்டாரா? இன்னும் இல்லை. அதற்கு ஒரு மொட்டை மாடி போதாது, மாடி மாற்றி மாடி வேலை வந்துகொண்டே இருக்க வேண்டும். சான்றிதழில் அதை யாரும் எழுதித் தருவதில்லை.

நேற்று ஆவடியிலிருந்து ஃபோன். மழைநீர் சேகரிப்புக்குப் புதிதாக ஒரு பயிற்சி முடிந்திருக்கிறது. சான்றிதழ் விழா. நான்தான் சிறப்பு விருந்தினராக வர வேண்டுமாம். சால்வை, மரக்கன்று எல்லாம் உண்டு.

கரையான்சாவடி சுகந்தி என்று யாராவது அந்த பேட்ச்சில் இருக்கிறார்களா என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை சார் என்றார்கள்.

அப்படியானால் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.