தேவசகாயம் அண்ணன் வீட்டு வாசலில் பால் பை

தேவசகாயம் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். போனில் சொன்னவர் அவருடைய பக்கத்து வீட்டு கிரேஸ் டீச்சர். டாக்டரும் வந்து பார்த்து உறுதி செய்துவிட்டார்... தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்.

ஏழு மணியாகியும் வாசலில் பால் பை தொங்கியதாம். டீச்சர் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. கதவை உடைத்திருக்கிறார்கள்.

கணியம்பாடி பக்கம், ரிட்டையர் ஆனவர்களுக்கான அந்த காட்டேஜ் குடியிருப்பு நண்பர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். வார்டன் கிடையாது, மணியடித்துச் சாப்பாடு போடுவதும் கிடையாது. அவரவர் வீடு, அவரவர் அடுப்பு, அவரவர் சாவி.

பெரும்பாலும் டீச்சர்கள், நர்சுகள். அண்ணன் மட்டும் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஃபோர்மேனாக இருந்தவர். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, 'காபி சாப்பிடு தம்பி' என்பதையும் சண்டை மாதிரியே சொல்வார்.

அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. இரவில் கதவுப் பிடியில் துணிப்பை மாட்ட வேண்டும், விடியலில் பால்காரர் அதில் பாக்கெட் போடுவார். ஏழு மணிக்குள் பை உள்ளே போகாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தட்ட வேண்டும். திறக்காவிட்டால் உடைக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்களில் ஒன்று. நான் அப்போது வேலூர் நிருபர்.

கிரேஸ் டீச்சரின் மகன் அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். அந்த மகனின் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். 'அம்மாவை ஹோம்ல தள்ளிட்டீங்களாமே' என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவதற்குள் அம்மாவைத் தன் வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தாக வேண்டும். டீச்சர் வர முடியாது என்றார். மகன் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார், போன் ஒயரைப் பிடுங்கினார், அடிக்க ஆரம்பித்தார்.

பால் பை விஷயம் அவருக்குத் தெரியாது.

காலையில் ஏழு தாண்டியும் பை தொங்குவதைப் பார்த்து அண்ணன் தட்டியபோது உள்ளேயிருந்து ஆண் குரல்: "அம்மா தூங்குறாங்க, அப்புறம் வாங்க."

"இன்னாது, தூங்குறாங்களா? இந்நேரம் ரெண்டு காபி குடிச்சிட்டு என்னைத் திட்டிட்டிருப்பாங்களேடா... தொற."

திறக்கவில்லை. அண்ணன் தோட்டத்துக் கடப்பாரையைக் கொண்டுவந்தார். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது.

டீச்சர் சமையலறைத் தரையில் கிடந்தார். உதடு கிழிந்திருந்தது, முன்பல் போயிருந்தது, இடது கை தோளிலிருந்து தொங்கியது. மகன் குக்கரைத் தூக்கி அண்ணன் தலையில் இறக்கினார். காது மடலில் பாதி பிய்ந்துவிட்டது.

அண்ணன் கடப்பாரையை வீசி மகனின் முழங்காலில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது என்று, வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள். பிறகு அவர்களும் உள்ளே போனார்கள்... ஊன்றுகோல், துடைப்பம், கையில் கிடைத்ததோடு. விழுந்து கிடந்தவரை மாறி மாறி அடித்தார்கள்.

தரையில் கிடந்த டீச்சர் கத்தினார்: "மூஞ்சில மட்டும் அடிக்காதீங்கண்ணே... ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்றாங்க!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் இதை எனக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க காதுக் கட்டில் ரத்தம் கசிந்தது.

மறுநாள் எங்கள் பேப்பரில், 'முதியோர் இல்லத்தில் ரத்தக்களரி'. டெஸ்க் வைத்த தலைப்பு. அண்ணன் அந்தப் பேப்பரைச் சுருட்டி என் நெஞ்சிலேயே அடித்தார்.

"இல்லம்னு எவன் எழுதனான்? அவன் கைய ஒடிக்கணும். இது வூடு தம்பி. எங்க வூடு."

அந்த வாரம் முழுக்க காரும் வேனுமாகக் குடும்பங்கள் வந்தன. சேஃப்டி இல்லை, கிளம்புங்கள் என்று ஒரே கூச்சல். ஒரு மருமகன் தன் மாமனாரை நாற்காலியோடு தூக்கி வேனில் ஏற்றினார். கிழவர் அவர் மணிக்கட்டைக் கடித்தார்... அண்ணன் வேனின் முன்கண்ணாடியை உடைத்தார்.

ரத்தம் வடிந்த கையோடு மருமகன் கத்தினார்: "பட்டப்பகல்ல கொலை நடக்கற எடம்யா இது!"

கையில் மாவுக்கட்டோடு கிரேஸ் டீச்சர் வேனுக்கு முன்னால் வந்து நின்றார். பல் போன வாய், சொல் குழறியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"என் புள்ள என்னை அடிக்கிறது இதா மொதல் தபா? அவன் வூட்ல அடிச்சப்போ எவனாச்சும் வந்து கதவ ஒடைச்சானா?"

கிழவர் வேனிலிருந்து இறங்கிக்கொண்டார். கண்ணாடிக்கும் கடிக்கும் கேஸ், நாற்காலியோடு தூக்கியதற்கு எதிர்க்கேஸ்... இரண்டும் ஸ்டேஷனிலேயே சமாதானமாகிவிட்டன. அண்ணனுக்கு அதற்குப் பிறகு அரைக் காதுதான்.

டீச்சரின் மகன் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. பேத்தி வருகிறாள், புருஷனோடு.

இன்றைக்குப் பிரச்சினை அண்ணனின் மகன். ஆம்பூரில் இருக்கிறார். அப்பா மேல் கை வைத்தவர் இல்லை, மரியாதையானவர். ஆனால் உடலை உடனே ஆம்பூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் அனுப்பியிருக்கிறார். பெட்டி தன் வீட்டிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டுமாம். "அப்பா ஹோம்ல செத்தார்னு ஊர்ல பேசுவாங்க சார்... நான் எப்டி தலைநிமிர்றது?" என்றார் என்னிடம்.

அண்ணன் தன் வாசலிலிருந்துதான் போக வேண்டும் என்கிறார்கள் குடியிருப்புக்காரர்கள். கேட்டைப் பூட்டியாகிவிட்டது. டீச்சர் போனை வைக்கும்முன் சொன்னது: "கடப்பாரை என் கையிலதான் இருக்குது தம்பி. வண்டி உள்ள வரட்டும், நாலு டயரும் இருக்காது."

அவருக்கு இப்போது வயது எண்பத்தைந்தை நெருங்குகிறது.

ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. பால் பையை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

போய் வாருங்கள் அண்ணே.

அடக்கம் நாளை. சர்ச் ஆயர் இரண்டு தரப்பிலும் பேசிக்கொண்டிருக்கிறார்... எந்த வாசலிலிருந்து என்பது மாலை ஜெபத்துக்குள் தெரியும்.