பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

பெரியப்பாவின் கீபோர்டு இப்போது சேலத்தில் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் ஒரு சிறிய பொத்தானின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. காயத்துக்கு ஒட்டும் சாதாரண பிளாஸ்திரிதான். கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டியது. ஓரங்கள் அழுக்கேறிக் கறுத்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்கிறார்கள். கவனித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பொத்தானின் வேலை எளிமையானது. பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லை, பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்க வேண்டும் என்றால், வாசிக்கிறவர் தன் விரல்களை வேறு இடங்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாத கறுப்புக் கட்டைகளில் விரல் இடறும். பொத்தானை அழுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. விரல்கள் பழகிய இடத்திலேயே ஓடும், ஒலி மட்டும் இறங்கிக் கேட்கும். வானொலியில் மெல்லிசைக் குழுவை நடத்திய கீபோர்டு கலைஞர் ஒருவர் இதை பிளாஸ்திரி போட்டு மூடி வைத்தால் அதற்கு ஒரே பொருள்தான் என்று குடும்பமே நம்பியது. எனக்கு எந்தக் கட்டையும் ஒன்றுதான், குறுக்கு வழி வேண்டாம் என்கிற கர்வம். அவர் ஓய்வு பெற்றபோது, நான் வேலை பார்த்த நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அப்படித்தான் எழுதினேன். முதல் வரியே பிளாஸ்திரி. நல்ல தொடக்கம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பெரியப்பா முழுவதையும் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கற கண்ணு" என்றார். ஆனால் முகவாய் உயரவில்லை.

அவருடைய முகவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலத்தில் கல்யாண வரவேற்புகளுக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தொடங்கி, பிறகு வேனில் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய ஆர்கனுக்கு மாறி, கடைசியில் இந்தக் கீபோர்டோடு வானொலிக்குள் நுழைந்தவர். குழுத் தலைவர் என்றாலும் கையை வீசி நடத்த முடியாது. இரண்டு கைகளும் கீபோர்டில் இருக்கும். அதனால் முகவாயால் நடத்தினார். வலப்பக்கம் திரும்பினால் வயலின்கள். சற்றே தாழ்ந்தால் தபலா அடங்க வேண்டும். நன்றாக அமைந்துவிட்டால் ஒரு விரற்கடை உயரும், அவ்வளவுதான் பாராட்டு. வீட்டிலும் அது தொடர்ந்தது. ரசம் வேண்டுமா, போதுமா என்பதைப் பெரியம்மா முகவாயைப் பார்த்தே தெரிந்துகொள்வார். நேரடி ஒலிபரப்பில் பாடகர் பெயரைச் சொல்வார்கள். குழுத் தலைவர் பெயர் கடைசியில், நேரமிருந்தால். பல நாள் நேரம் இருக்காது. நாங்கள் குறைப்பட்டுக்கொண்டால், "பேரு போகாட்டி என்ன, பாட்டு போச்சில்ல" என்பார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டோம்.

ஓய்வுக்குப் பின் அவரும் பெரியம்மாவும் ஏற்காட்டுக்கு வந்துவிட்டார்கள். பெரியம்மாவின் பிறந்த வீடு, ஏரிக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய சின்னத் தோட்டத்தோடு. பெரியப்பா தினமும் மாலையில் நடப்பார். ஊரின் கடைவீதியான ஒண்டிக்கடைப் பக்கம் மட்டும் போகமாட்டார். பேப்பர் வாங்குவதென்றாலும் ஏரியைச் சுற்றிக்கொண்டு போவார். "ஒண்டிக்கடையில இவருக்கு என்னமோ சாமி குத்தமாட்டம் இருக்குது. பக்கத்துல கெடைக்கிற காப்பித்தூளுக்கு ஊரையே ஒரு சுத்து சுத்தி வராரு" என்று பெரியம்மா கேலி செய்வார். கூட்டம் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன்.

ஓர் ஆடி மாதம் நான் அங்கே போயிருந்தபோது, மழை விட்ட பகலில் ஒருவர் பை நிறையப் பேரிக்காயுடன் வந்தார். ஐம்பது தாண்டிய வயது, வெள்ளைத் தொப்பி, புதிதாகத் தேய்த்த சட்டை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"மாஸ்டர், என்னைத் தெரியுதுங்களா? ஒண்டிக்கடையில டீக்கடை வெச்சிருக்கறனுங்க. அரைக்கட்டை பாய்னு கேட்டா ஜீப்பு ஸ்டாண்டுல சின்னப் பையன் கூடச் சொல்லுவானுங்க" என்று அவரே சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை.

மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாஸ்டர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்றார். பிறகு, கேட்க வந்தது அது மட்டுமல்ல என்பது போல, பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். இளம் வயதில் அவர் நன்றாகப் பாடுவாராம். வானொலித் தேர்வில் தேறி, பெரியப்பாவின் குழுவோடு நேரடி ஒலிபரப்பில் பாட ஒரே ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அன்றைக்கு அவருடைய அத்தா, அப்பாவைத்தான் அப்படிச் சொன்னார், கடையில் ரேடியோவை மேசைமேல் ஏற்றி வைக்க, கடைவீதியே கூடி நின்று கேட்டிருக்கிறது. பாட்டுக்காரன் ஆவது நல்லதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தா, அன்று எல்லோருக்கும் சும்மா டீ கொடுத்திருக்கிறார்.

"சுருதி போயிருச்சுங்க. அத்தனை பேரு காதுலயும் உழுந்துச்சு. வெளிய வந்தப்ப நீங்கதான் சொன்னீங்க, அரைக் கட்டை வெலகிருச்சு தம்பின்னு. ஊருக்கு வந்ததும் என்னாச்சு என்னாச்சுன்னு கேட்டாங்க. வெகுளியா நானும் அப்படியே சொல்லிட்டனுங்க. அதையே பேரா வெச்சுப்போட்டானுங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க இங்கயே குடிவந்தது எனக்கு அப்பவே தெரியுமுங்க. உங்க முன்னால வந்து நிக்க மூஞ்சியில்லீங்க. நிகழ்ச்சியக் கெடுத்துப்போட்டேன். உங்களுக்கு மேல எடத்துல என்ன பேச்சு வாங்கி வெச்சனோ. மன்னிச்சுருங்க மாஸ்டர்."

பெரியப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே, "பரவால்லீங்க பாய். அந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேரிக்காய்ப் பையை வைத்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கும் வரை பெரியப்பா அசையவில்லை. பிறகு, "மன்னிச்சு வேற உட்டுட்டேன் பாத்தியா" என்றார். கீபோர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் மீதியைச் சொன்னார். அன்று பாய்க்கு முன் பாடிய அம்மையாருக்குத் தொண்டைக் கட்டு. அரைக் கட்டை இறக்கச் சொன்னார். விரலை மாற்றி வாசிக்கச் சோம்பல்பட்டுப் பெரியப்பா பொத்தானை அழுத்தினார். அந்தப் பாட்டு முடிந்ததும் அதைத் திரும்ப எடுக்க மறந்தார். அடுத்தது பாயின் பாட்டு. அதன் தொடக்க இசை கீபோர்டு மட்டும்தான். அதிலிருந்து சுருதி எடுத்துக்கொண்டு பாய் பாடத் தொடங்கினார். கிட்டாரும் வயலினும் அவற்றுக்குரிய சுருதியில் வந்து சேர்ந்தன. நேரடி ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிகிறது, நிறுத்த முடியாது. பெரியப்பாவுக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் செய்ததுதான் பெரிய காரியம்: இடது கையால் பொத்தானைத் தட்டித் தன் கீபோர்டை மற்ற வாத்தியங்களோடு சேர்த்துக்கொண்டார். அந்த நொடியிலிருந்து குழு முழுவதும் ஒரு சுருதியில் இருந்தது. பாடுகிறவர் மட்டும் வெளியே நின்றார். பிடித்துக்கொண்டு நின்ற கம்பியையே உருவிவிட்டது போல அவர் குரல் அலைந்தது. "தம்பிகிட்ட அரைக் கட்டை வெலகிருச்சுன்னுதான் சொன்னேன். யாருதுன்னு சொல்லல. வெலக்குனது நான். மேல கேட்டாங்க, பையன் புதுசுன்னேன். அதோட அவனைக் கூப்பிடறத நிறுத்திட்டாங்க." அந்த வாரமே பிளாஸ்திரி ஒட்டினார். கழன்று விழ விழப் புதிதாக ஒட்டினார். என் கட்டுரையின் முதல் வரி எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஒண்டிக்கடைக்கு நடந்தோம். டீக்கடையில் நல்ல கூட்டம். ஜீப் டிரைவர்கள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். "அரைக்கட்டை, எனக்கு முழு டீ குடு" என்று ஒரு டிரைவர் சொல்ல, பழகிய சிரிப்பு எழுந்தது. பாய் எங்களைப் பார்த்துப் பதறிப்போய் பெஞ்சைத் துடைத்தார். பெரியப்பா உட்காரவில்லை. நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி, அன்று ரேடியோவில் தப்பு செய்தது நான், பாய் இல்லை என்றார். பொத்தானைப் பற்றியும் சொன்னார்.

பிறகு அந்த டிரைவர் டம்ளரை வைத்துவிட்டுக் கைதட்டினார். "கேட்டியா பாய்? பெரிய மனுசன்னா இப்படி இருக்கோணும். உம்பட மானத்தக் காப்பாத்தப் பழியத் தான் ஏத்துக்கறாரு." ரைட்டர், "ஏனுங்க, ரேடியோவுல அத்தனை வருசம் இருந்தவரு தப்பு வாசிப்பாருங்களா? சொல்றது அவரு பெருந்தன்மை" என்றார். இல்லைங்க, நிசமா நான்தான் என்று பெரியப்பா சொல்லச் சொல்ல, அவர்கள் கண்களில் அவர் உயர்ந்துகொண்டே போனார். பாய் கண் கலங்கி, "உங்க மனசு யாருக்கு வருமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெரியப்பாவின் முகவாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. அதைப் பார்த்து வாசிக்க அங்கே யாரும் இல்லை. எனக்கு, எழுத வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது. சொல்லியும் ஆயிற்று, பெயரும் கெடவில்லை என்று நினைத்தேன்.

அன்று மாலை பாய் தனியாக வந்தார். தொப்பியில் தூறல். "டீ ஆத்தறப்பவெல்லாம் அதே நெனப்புங்க. காலையில சொன்னது எனக்காகச் சொன்னதுங்களா, நெசமுங்களா?"

பெரியப்பா பிளாஸ்திரியை உரித்தார். பரணிலிருந்து பழைய ஆர்மோனியத்தை என்னை எடுக்கச் சொன்னார். பொத்தானை அழுத்திவிட்டு, கீபோர்டில் அந்தப் பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். பாயைப் பார்த்து முகவாயைத் தாழ்த்தி உயர்த்தினார். பாய் தயங்கி, பிறகு மெல்லப் பல்லவியை எடுத்தார். குரலில் கரகரப்பு இருந்தது. ஆனால் கீபோர்டின் சுருதியில் இம்மியும் பிசகாமல் நின்றது. அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா ஆர்மோனியத்தில், மற்ற வாத்தியங்கள் வந்த சுருதியைப் பிடித்தார். குரலும் ஆர்மோனியமும் ஒன்றையொன்று கடித்தன. பாய் பாட்டை நிறுத்தினார். அந்த ஓசையை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"அப்ப நான் சரியாத்தான் பாடியிருக்கனுங்களா?"

"சரியாத்தான் பாடினீங்க பாய்."

பாய் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கப்பறம் நான் குளிக்கறப்பக்கூடப் பாடுனதில்லீங்க. இதா, கல்யாணம் பண்ணப்போறானே, என்ற பையன், அவனுக்கு அவங்கத்தா பாடுவான்னே தெரியாதுங்க." கோபமாகச் சொல்லவில்லை. தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவர் போலச் சொன்னார். "எங்கத்தா மவுத்தாகற வரைக்கும், கூட்டத்தக் கூட்டி வெச்சு என்னைத் தலைகுனிய வெச்சுட்டயேடான்னு சொல்லிக்கிட்டிருந்தாருங்க."

பெரியப்பா கை கூப்பினார். பாய் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. பெரியம்மா கொண்டுவந்த காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. "கடையில ஆளில்லீங்க அம்மிணி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கல்யாணத்துக்குப் பெரியம்மா மட்டும் போய்வந்தார். பெரியப்பா வரவில்லையா என்று பாய் கேட்கவில்லையாம்.

பெரியப்பா அதற்குப் பிறகு ஏரியைச் சுற்றிப் போகவில்லை. தினமும் ஒண்டிக்கடை வழியாக நடந்தார். சில நாள் அங்கே டீ குடித்தார். பாய் கொடுப்பார், வாங்கிக்கொள்வார். இருவருக்கும் இடையில் பேச்சு ஒன்றும் இல்லை. கடையில் யாராவது புது ஆளுக்கு, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட மாஸ்டர் இவர்தான் என்று சொல்லிக் காட்டுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் தனக்கு விதித்தது என்பது போல அவர் நின்றிருப்பார்.

அவர் இறந்தபோது பாய் வந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, கீபோர்டை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "எனக்கெதுக்குங்க அம்மிணி" என்றார். ஆனாலும் அருகே வந்து குனிந்து பார்த்தார். அந்த மாலைக்குப் பிறகு பெரியப்பா மறுபடியும் புதிதாக ஒட்டியிருந்த பிளாஸ்திரி, ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டை விரலால் அந்த மூலையை அழுத்தி, ஒட்டிக்கொள்ளும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டுங்க" என்றார்.

போன மாதம் ஏற்காட்டுக்குப் போனபோதும் ஜீப் ஸ்டாண்டிலிருந்து யாரோ, "அரைக்கட்டை, ரெண்டு டீ" என்று கத்தினார்கள். பாய், "இதா வந்துட்டனுங்க" என்றார். இங்கே, என் முன்னறையில், விருந்தாளிகள் பிளாஸ்திரியைப் பார்த்துச் சிரித்து, பெரியவருக்கு அவ்வளவு கர்வமா என்று கேட்கிறார்கள். நான் அவர்களை உட்காரச் சொல்கிறேன். இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். முடித்ததும் பலர், பெரியவருக்கு என்ன பெருந்தன்மை என்கிறார்கள்.