சிவப்பு வட்டத்துக்கு வெளியே

எங்க அக்காவுக்கு ஆபீஸ்ல வச்ச பேரு பூதக்கண்ணாடி. நகரமைப்பு ஆபீஸ்ல பெரிய கட்டடங்களோட வரைபடத்தைச் சரிபார்க்கிற வேலை. வீட்லயும் அதே புத்திதான். "சாப்பிட்டுட்டேன்"னு சொன்னா போய்த் தட்டைப் பார்ப்பா. மாமா அவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிட்டு வந்தா, "என்ன தப்பு பண்ணீங்க?"ம்பா. பாவம் மனுஷன்!

நான் சக்கர நாற்காலியில போறவன். ஸ்டேஷன் வாசல்ல செல்போன் ரிப்பேர் கடை. எங்க தெருவுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஒரு காலி மைதானம். குறுக்கே போனா அஞ்சு நிமிஷம். சுத்திப் போனா லாரிகளுக்கு நடுவுல முக்கால் மணி நேரம். அங்க ஆறு அடுக்குமாடிக் கட்டடம் வரப்போகுதுன்னதும் நேரா அக்காகிட்டதான் கேட்டேன்.

"பயப்படாதடா. இவ்ளோ பெரிய இடத்துல கட்டினா நடுவுல பொதுப் பாதை விடணும். படி கூடாது, பூட்டவும் கூடாது. வழிகாட்டு விதியிலயே இருக்கு"ன்னா அக்கா.

"விதியில இருக்கும். அவனுங்க விடணுமே?"

"என்னைத் தாண்டித்தானே போகணும்!"

முதல் வரைபடம் வந்துச்சு. சமதளமா பாதை இருந்துச்சு, ஆனா அதோட வாசல்ல முடி மாதிரி ஒரு கோடு. கேட்! அக்கா புடிச்சுட்டா, திருப்பி அனுப்பிட்டா. "எங்கிட்டயேவா?"ன்னு அன்னிக்கு வீட்ல ஒரே அலட்டல்.

அவங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். திருத்தின வரைபடத்துல மாத்தின இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டணும். வட்டத்துக்குள்ள மட்டும் பார்ப்பாங்க, மத்ததெல்லாம் ஏற்கனவே பார்த்ததுதானேன்னு. திருத்தி வந்ததுல வட்டத்துக்குள்ள கேட் இல்ல. அக்கா கையெழுத்து போட்டுட்டா.

ரெண்டு வருஷம் கழிச்சு, போன மாசம் மைதானத்தைச் சுத்தி வச்சிருந்த தகர மறைப்பை எடுத்தாங்க. அக்கா லீவு போட்டுட்டு கடைக்கே வந்தா, ரெண்டு பேரும் கிளம்பினோம். கேட் இல்ல. வழவழன்னு கல்லு. விசில் அடிச்சுக்கிட்டே உருட்டினேன்.

கடைசியில ஒன்பது படி. கீழ எங்க தெரு.

அடியில கார் நிறுத்த இடம் கூட்டுறதுக்காகப் பாதையோட இந்த முனையையே மேல தூக்கிட்டானுங்க. அக்கா போன்ல, கையெழுத்து போட்ட அந்தத் திருத்தின வரைபடத்தைப் பெருசாக்கினா. வட்டத்துக்கு வெளியே ஒன்பது கோடு. முதல் வரைபடத்துல அது கிடையாது.

"அந்த கேட்டை நான் புடிக்கணும்னே வரைஞ்சிருக்கானுங்கடா. வட்டத்தை அங்க மட்டும் போட்டா நான் வேற எங்கயும் பார்க்க மாட்டேன்ல"ன்னா.

படிக்குக் கீழ தெருக்காரங்க கூடிட்டாங்க. மளிகைக்கடைக்காரர் எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "கையெழுத்து இவங்களுதுதானே? சும்மாவா போட்டிருப்பாங்க?"ன்னார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அக்கா அவரைப் பார்க்கவே இல்ல, என்னைத்தான் பார்த்தா. "நீ என்னடா நினைக்கிற?"

"ச்சே, என்னக்கா நீ!"ன்னேன். ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு நொடி யோசிச்சேன். அந்த நொடியை அவ பார்த்துட்டா.

நாற்காலியைத் திருப்பி, சுத்துவழியா வீடு வரைக்கும் அவளே தள்ளிட்டு வந்தா.