நடுவுள்ளவ

நேற்று ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில், மலையிலிருந்து வந்த ஜீப் ஒன்று புளி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறவில்லை. காந்தாரம் என்கிற சுரம்தான் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். இதே மாதிரி ஜீப்பில், புளி இறக்கிய வெறுஞ்சாக்குகளின் மேல் உட்கார்ந்து, கீபோர்டை மடியில் அணைத்துக்கொண்டு மலைமேல் நெல்லிவாசல்நாட்டுக்குக் கச்சேரிக்குப் போனவன் நான்.

அப்போது மாணிக்கம் அண்ணனின் ஆர்க்கெஸ்ட்ராவில் நான்தான் கீபோர்டு. கை சுமார்தான், தலைமுடி மட்டும் பிரமாதம். அந்த ஊர்த் திருவிழாவில் எங்களோடு பாட வந்தவள் கஸ்தூரி. சாமை விதைக்கிறபோது பாடுகிற பாட்டு; கணீர்க் குரல். ஒத்திகையில் ஒரு சுரம் மட்டும் கீபோர்டோடு முட்டியது. என்னிடம் இருந்தவை சின்ன காந்தாரம், பெரிய காந்தாரம் என்று இரண்டே கட்டைகள். அவள் குரலோ இரண்டுக்கும் நடுவில் போய் அசையாமல் நின்றது.

“சுருதி சேரலம்மா. சாய்ங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா வேற பொண்ண வெச்சிக்கிறேன்” என்றார் அண்ணன்.

“நா இன்னாங்க சரி பண்றது? எங்க ஊர்ல அல்லாரும் இப்டித்தாங்க பாட்றோம்” என்றாள் கஸ்தூரி. குரல் கம்மவில்லை, கண்தான் கலங்கியது.

அரபுப் பாட்டுகளுக்காக அந்தக் கீபோர்டில் ஒரு வசதி உண்டு. ஒரு கட்டையின் சுருதியைத் துளித்துளியாக இறக்கலாம். கெட்டுப்போய்விடுமோ என்று அதுவரை நான் தொட்டதேயில்லை. அன்று தொட்டேன். அவள் பாடப் பாட, பெரிய காந்தாரத்தை இறக்கிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் இரண்டு ஒலியும் ஒன்றாகி, உரசல் அடங்கியது.

“அதாண்ணா!” என்று கத்தினாள்.

அந்தச் சுருதியைச் சேமிக்கப் போனால் கீபோர்டு பெயர் கேட்டது. இந்தச் சுரத்துக்குப் பெயர் வைப்பதில் உலகம் முழுக்கச் சண்டை என்று பின்னாளில் படித்தேன். சிலர் பின்னமாக எழுதுகிறார்கள். சிலர் வெறும் எண்ணோடு விட்டுவிடுகிறார்கள். காந்தாரம் மூன்றாம் சுரம் என்பதால் சிலர் ‘நடுநிலை மூன்றாவது’ என்று பஞ்சாயத்துக்காரரைப் போல அழைக்கிறார்கள். கஸ்தூரிக்கு அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை.

“பெரியவளும் இல்ல, சின்னவளும் இல்ல. நடுவுள்ளவன்னு வையிங்கண்ணா. எங்க வூட்ல நானும் நடுவுள்ளவதான்.”

சாயங்காலம் மேடையில் அவள் முதல் அடியை எடுத்தாள். நான் அந்தக் கட்டையை அழுத்தினேன். முன்வரிசைப் பெண்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். அடுத்த அடியை ஊரே பாடியது. அத்தனை தொண்டையும் அந்த ஒரே இடத்தில் வந்து கீபோர்டோடு ஒட்டிக்கொண்டது. மாணிக்கம் அண்ணனே மைக்கைப் பிடுங்கி, “இன்னொரு வாட்டி பாடும்மா!” என்றார்.

அந்த ஆர்க்கெஸ்ட்ரா கலைந்துவிட்டது. கீபோர்டு ஒரு மழையில் நனைந்து செத்தது. கஸ்தூரி இப்போது சொந்தமாகக் குழு வைத்திருக்கிறாள், மலையில் கீபோர்டுக்காரர்கள் “நடுவுள்ளவ போடட்டுமாக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். கட்டைக்குப் பயந்து மலைப் பெண்கள் தொண்டையை மாற்றிக்கொண்ட காலம் போயே போய்விட்டது. போகட்டும்!