பென்சில் படக்கூடாத தாள்

தேர்வுத் தாள் திருத்தும் அந்த அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பதினோரு வருடமாக அவள் பார்த்த வேலை, முன்பின் தெரியாதவர்கள் மனம் மாறிய இடங்களை உற்றுப் பார்ப்பது. தேர்வு எழுதுகிறவர்கள் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவார்கள், அப்புறம் யோசித்து அதை அழித்துவிட்டு வேறொன்றைக் கறுப்பாக்குவார்கள். ஒழுங்காக அழித்திருந்தால் எந்திரம் படித்துக்கொள்ளும். அரைகுறையாக அழித்திருந்தால் அதற்கு இரண்டு விடை தெரியும், உடனே தாளைப் பக்கத்துத் தட்டில் துப்பிவிடும். துப்பியதெல்லாம் அவள் மேசைக்கு வரும்.

இரண்டு வட்டமும் ஒரே கறுப்பு என்றால் மதிப்பெண் சுழி. ஒன்று வெளிறியிருந்தால் அதுதான் அழித்தது, மற்றது விடை. வெளிறியதை ரப்பரால் சுத்தமாகத் துடைத்துத் தாளை மறுபடி எந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். ரப்பர் படலாம், பென்சில் படவே கூடாது. ஒரு புள்ளி வைத்தாலும் விடையைத் திருத்திய குற்றம். அந்த ஹாலில் எல்லோருக்கும் சிவப்புப் பேனாதான். வாசல் மேசையில் வருகைப் பதிவேட்டோடு நூலில் கட்டிய ஒரு பென்சில் கிடந்தது, அவ்வளவே.

சட்டம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் மகள், "அம்மா, நான் பொய் சொன்னா ஃபாரம் போட்டு மேல அனுப்பிடுவீங்களா?" என்று கேட்பாள். தையல்காரரான கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்னையே ரெண்டு தடவை சரிபார்த்துட்டுத்தான் உங்கம்மா கட்டிக்கிட்டா" என்பார். அவளும் சிரிப்பாள். உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

அவளோடு நான்கு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர் பொடிநடை அண்ணன். மழையோ வெயிலோ, பஸ் ஏறாமல் வருகிறவர் என்பதால் அந்தப் பெயர். மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அவர் எழுந்து போய் அந்தப் பதிவேட்டுப் பென்சிலை எடுத்து ஒரு தாளில் வட்டம் நிரப்புவதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்.

"தப்பான வட்டத்தை அழிச்சுட்டேம்மா. முன்ன அங்க இருந்ததைத்தான் வச்சேன். வேற எதுவும் பண்ணல" என்றார் அவர்.

யாருக்குத் தெரியும்? அழித்தபின் தாளில் சாட்சி ஏது? அவள் யோசிக்கக்கூட இல்லை. அன்று சாயங்காலமே புகார் ஃபாரம் எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாள். பொடிநடை அண்ணனைக் கீழே விடைத்தாள் கட்டு அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். தெரிந்தவர் யாருக்கோ மார்க் போட்டுவிட்டார் என்று ஊரே பேசியது. அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது, அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் நேரத்துக்குச் சற்று முன்பு ஒரு தாள் வந்தது. பன்னிரண்டாம் கேள்வியில் 'ஆ' கறுப்பாகவும் 'ஈ' வெளிறியும் இருந்தன. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'ஈ'யைத் துடைத்து எறிந்தாள். கீழே முப்பத்தொன்றுக்கு வந்தபோது கை நின்றது. அங்கேயும் ஒன்று கறுப்பு, ஒன்று வெளிறல். ஆனால் கறுப்பைச் சுற்றித்தான் தாள் தேய்ந்து நூல் நூலாக எழும்பியிருந்தது. மட்டமான ரப்பரால் தேய்த்ததில் கரி அப்பிக்கொண்டதே தவிர அழியவில்லை. வெளிறிய வட்டம் ஓரம் பிசகாமல், கெட்டியான பென்சிலால் புதிதாக நிரப்பியது. நாற்பத்தெட்டிலும் அப்படியே. எழுதிய பிள்ளை கடைசியில் வேறு பென்சில் வாங்கித் திருத்தியிருக்கிறது. பன்னிரண்டில் அவள் துடைத்தெறிந்தது அழித்த வட்டத்தை அல்ல, விடையை.

அவள் சுற்றிப் பார்த்தாள். மேசைக் கூட்டாளி தேநீர் குடிக்கப் போயிருந்தாள். தாளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வாசல் மேசைக்குப் போனாள். பதிவேட்டைத் திறந்து கையெழுத்துப் போடுகிறவள் போலக் குனிந்து, 'ஈ'யை நிரப்பினாள், தேய்ந்த 'ஆ'வை அழித்தாள். முப்பத்தொன்றிலும் நாற்பத்தெட்டிலும் தேய்ந்த கறுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது எந்திரம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது.

இருந்ததைத்தான் வைத்தோம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. அவருக்காவது ஒளிக்கத் தெரியவில்லை. அவர் நேராக நிமிர்ந்து நடந்து போய்ப் பென்சிலை எடுத்தார். இவள் திருடியைப் போலத் தாளை மூடிக்கொண்டு போனாள். அந்த வெட்கம் காது வரை சுட்டது.

மத்தியானம் கீழே இறங்கிப் போனாள். ஜன்னலில்லாத அறை, கூரைவரை கட்டுகள். பொடிநடை அண்ணன் சணல் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் அங்கே வந்திருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "அண்ணே, நீங்க அன்னைக்குச் சொன்னது நிஜம்னு இப்பத்தான் புரியுது" என்றாள்.

அவர் முடிச்சை இறுக்கினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அதை எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க? எனக்குத்தான் அது அன்னைக்கே தெரியுமே."

அவள் படியேறி வந்து ஃபாரம் எடுத்தாள். தாளின் எண், நேரம், கேள்வி, எல்லாம் எழுதினாள். தவறு செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். கண்காணிப்பாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது? தப்பா அழிச்சீங்க, சரி பண்ணிட்டீங்க. விடை இப்ப சரியாத்தானே இருக்கு?"

"அது எனக்கு மட்டும்தான் தெரியும் சார்."

"நீங்க சொன்னா போதாதா? பதினோரு வருஷமாப் பாக்கறேன். போய் வேலையைப் பாருங்க." ஃபாரத்தை அவள் பக்கம் தள்ளினார்.

திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அவர் நம்பியது அவளை அல்ல, அந்தச் சான்றிதழை. ஒரு நல்ல மனிதரைக் கீழே தள்ளி வாங்கிய நல்ல பெயர் இன்று அவளைக் காப்பாற்றப் பார்க்கிறது. அந்த அறையில் நிற்கவே கூசியது.

"முன்ன இருந்ததைத்தான் வச்சேன்னு பொடிநடை அண்ணனும்தான் சார் சொன்னாரு."

"அது வேறம்மா."

"என்ன சார் வேற?"

அவர் அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார். அவள் ஃபாரத்தை மறுபடி அவர் முன்னால் வைத்து அதன்மேல் கையை ஊன்றினாள்.

"என்னை நம்புறீங்கன்னா அவரை மேல கூப்பிடுங்க. அவரை நம்பலைன்னா என்னையும் கீழ அனுப்புங்க. ரெண்டுல எதுன்னாலும் இதுலயே எழுதுங்க சார்."