ஆம்பூரில் ஏலம் எடுத்த கோழி

சனிக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்குச் சென்னை சென்ட்ரலில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதற்குள் ஒரு மாற்று வேட்டி, நாற்பது நிமிடப் பிரசங்கம். ஆம்பூரில் ஒரு சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, உற்சாகமாய்க் கொடுத்தல். போக வரச் செலவு அவர்களுடையது என்று எழுதியிருந்ததால் உற்சாகமாகவே ஒப்புக்கொண்டேன்.

குடியாத்தம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை பெட்டிக்குள் ஏறியது. கைக்குட்டையை எடுத்தேன். எதிரே இருந்த வாணியம்பாடித் தோல் வியாபாரி சிரித்தார்.

"மூக்க மூடாதீங்க சார். உங்களுக்கு நாத்தம், எங்களுக்குச் சோறு. ரெண்டு ஸ்டேஷன் போனா பழகிடும்."

எட்டு ரூபாய் டிக்கெட்டுக்கு ஒரு பிரசங்கம் இலவசமாகக் கிடைத்தது. என்னுடையதைவிடச் சின்னது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆராதனை. நான் பேசி முடித்ததும் போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்லபடியாகப் பேசியதற்கா, முடித்ததற்கா என்று விசாரிக்கவில்லை.

பதினொரு மணிக்குப் பந்தலில் ஏலம். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் காய், தேங்காய், நெல், கோழி என்று கொண்டுவந்து பீடத்தில் படைப்பார்கள். சபையார் அதை ஏலம் எடுப்பார்கள். ஏலம் விட்டவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் தேவசகாயம். ஷூ கம்பெனி சூபர்வைசர் ஒருவரும் ஆஸ்பத்திரி குமாஸ்தா ஒருவரும் ஓர் எலுமிச்சம்பழத்துக்கு மல்லுக்கட்டி, பதினாலு ரூபாயில் சூபர்வைசர் ஜெயித்தார். இருவர் முகத்திலும் உற்சாகம் இருந்தது. தோற்றவர் முகத்தில் கொஞ்சம் ஜாஸ்தி.

அடுத்து, காலில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெட்டைக்கோழி.

"நம்ம எஸ்தரு குடுத்த பொருத்தனைக் கோழி!" என்று மாஸ்டர் தூக்கிக் காட்டினார். "பொண்ணு டைபாய்டுல பதினெட்டு நாளு வேலூர் ஆஸ்பத்திரில கெடந்துச்சு. பொழச்சா, முட்டை வுடுற கோழியக் குடுக்கிறேன்னு நேர்ந்துக்கிச்சு. கேளுங்க!"

எஸ்தர் ஒரு தோல் ஷாப்பில் கூலி வேலை செய்கிறவள். ஓரத்தில், ஆறு வயது மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றிருந்தாள். அந்த முகத்தில் இருந்ததைத்தான் நான் நாற்பது நிமிடம் விவரிக்க முயன்றிருந்தேன். அதைப் பார்த்த பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

இருபத்திரண்டு ரூபாய்க்குக் கோழியை எடுத்தேன். எடுத்ததைச் சபைக்கே திருப்பிக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வது இங்கே வழக்கம். என் பெருந்தன்மைக்கு அது போதவில்லை. கோழியோடு பந்தலைக் கடந்து போய், "இந்தாம்மா, இது உனக்கே" என்றேன்.

கைதட்டல்.

"வேணாங்கய்யா."

"வாங்கிக்கம்மா! மெட்ராஸ் ஐயா எவ்ளோ சந்தோசமா குடுக்கிறாரு!" என்றார் மாஸ்டர்.

வாங்கிக்கொண்டாள். மறுபடியும் கைதட்டல். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். கோழியையும் மகளையும் கூட்டிக்கொண்டு என் நாற்காலிக்கு வந்தாள்.

"ஐயா, இத நீங்களே எடுத்துனு போய்டுங்க."

"ஏம்மா? காசு சபைக்குப் போயிடுச்சு. உன் பொருத்தனை தீந்துபோச்சே."

"எப்படித் தீரும்? கோழி என் கைக்கே வந்துடுச்சே. ஆஸ்பத்திரி வராண்டால அழுது சொன்ன வார்த்த. நாளைக்கு இது வுடுற முட்டைய எம் பொண்ணு துன்னா, நான் இன்னா குடுத்தேன்?"

"அப்ப திரும்ப ஏலத்துல வச்சிடேன்."

"இப்ப இது நீங்க குடுத்த கோழி. உங்களுத எடுத்து என்னுதுன்னு சாமிக்குக் குடுக்கவா? அவருக்குத் தெரியாதா?"

என் காலடியில் கோழியை விட்டாள். குந்தி உட்கார்ந்து மகளின் வெள்ளிக் கொலுசைக் கழற்றத் தொடங்கினாள். ஒன்று எளிதாக வந்தது. மற்றதன் திருகு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் திருகினாள்.

"எம்மா, திருப்பிக் குடுத்துருவாங்களா?" என்று கேட்டது குழந்தை.

எஸ்தர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாட்டாங்க. ஐயா ஊருக்குப் போறாரு."

கொலுசு ஏலத்துக்கு வந்தது. என் கை தானாக உயர்ந்தது. அவள் பார்த்ததும் இறங்கியது. எலுமிச்சம்பழ சூபர்வைசர் எடுத்தார். குழந்தை தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மூன்றே முக்காலுக்குத் திருப்பத்தூரிலிருந்து வந்த பஸ். என் மடியில் கோழி.

"இன்னா சார், ஆம்பூர் வந்துட்டு பிரியாணி துன்னாம கோழிய உசுரோட எடுத்துனு போறே?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

பெரம்பூரில் எங்கள் சபையில் காணிக்கையை உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்போம். யார் எவ்வளவு என்பது வெளியே தெரியாது. அந்த ஏற்பாடு கஞ்சர்களுக்குத்தான் பாதுகாப்பு என்று இத்தனை நாளாய் நினைத்திருந்தேன்.

கோழி இப்போது எங்கள் கொல்லையில் இருக்கிறது. தினம் ஒரு முட்டை. அறுக்க எனக்கு மனம் வரவில்லை. முட்டையும் தொண்டையில் இறங்கவில்லை.

"யாருக்காவது குடுத்துத் தொலைங்களேன்" என்கிறாள் மனைவி.

கொடுக்கத்தான் பயமாக இருக்கிறது.