சர்ரக்கா நடுக்குழாயில் நின்ற கதை

கண்ணைக் கட்டி உட்காரவைத்தாலும் எந்தப் பூங்காவின் எந்த ஊஞ்சல் என்று அவள் சொல்லிவிடுவாள். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஊஞ்சல் முன்னே போகும்போது முனகும், திரும்பி வரும்போது மூச்சு விடாது. ஆஸ்பத்திரிச் சாலை ஊஞ்சல் இரண்டு பக்கமும் அழும். ரயில்பாதை ஓரத்து ஊஞ்சல் புது மருமகளைப் போல வாயே திறக்காது. திறந்துவிட்டால் மேலே கொக்கி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நகராட்சியின் பூங்காப் பிரிவில் அவள் ஃபிட்டர். பிள்ளைகள் ஏறி இறங்கும் சாமான் எதுவானாலும் அதற்கு எண்ணெய் போடுவது, போல்ட் முறுக்குவது, துருவைச் சுரண்டுவது எல்லாம் அவள் வேலை. பழுது பார்த்து முடித்ததும் பெரிய ஆள் ஒருவர் அதில் ஏறி ஓட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளை விடவேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. பெரிய ஆளைத் தாங்கினால் சின்ன ஆளைத் தாங்கும். மற்ற ஃபிட்டர்கள் கையால் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, விதி விதிதானே என்று ஒரு சறுக்குமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தாள். கீழே வந்து சேர்ந்தபோது தலைமுடி கலைந்திருந்தது. செருப்பில் ஒன்றைக் காணவில்லை. சம்பளம் வேறு தருகிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இன்றுவரை நின்றபாடில்லை.

காலை வேளையில் சறுக்குமரத் தகடு குளிர்ந்திருக்கும், முதுகுத்தண்டு வரைக்கும் ஜிலீர் என்று ஏறும். அது ஒரு சுகம். புதுத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையில் நகத்தால் கிளப்பி, கிழியாமல் முழுசாக உரிப்பது இன்னொரு சுகம். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். சுற்றுத்தட்டில் உட்கார்ந்து நாலு சுற்று சுற்றிவிட்டு இறங்கினால் மரம், பெஞ்சு, குப்பைத்தொட்டி எல்லாம் கிறுகிறுவென்று ஓடும். அவள் இரண்டு கையையும் விரித்து நின்று, ஊர் தானாக நிற்கட்டும் என்று காத்திருப்பாள். சர்ரென்று சறுக்கி வருவதைப் பார்த்துப் பூங்காப் பிள்ளைகள் அவளுக்கு சர்ரக்கா என்று பேர் வைத்தார்கள். ஐம்பதைத் தாண்டியவளை அக்கா என்று கூப்பிட்டால் கசக்குமா என்ன?

சீசாப் பலகைதான் தனியாக ஓட்ட முடியாத சங்கதி. எதிர்ப்பக்கம் உட்கார வெல்டர் அண்ணன் வருவார். அவளோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போகும் மனிதர். இரும்பை உருக்கி ஒட்டுவார், நெருப்புக்குப் பயப்பட மாட்டார். தரையிலிருந்து கால் ஒரு சாண் எழும்பினால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். மேலே போன அண்ணனை இறக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, "வானிலை எப்படி இருக்குண்ணே?" என்று அவள் விசாரிப்பாள். அவர் கண்ணைத் திறக்காமலே அவள் வம்சத்தை வாழ்த்துவார்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டுக்கு முன்னறைதான் கடை. எந்நேரமும் கழுத்தில் அளவு டேப் தொங்கும், தூங்கும்போதுகூட. பேச்சு கம்மி, துணியைத் தொட்டால் மட்டும் விரல்கள் பேசும். அவள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீல பேண்ட்டுகளை அவர்தான் தைப்பார். முன்பக்கம் முரட்டுத்துணி, பின்பக்கம் உட்காரும் இடத்தில் மட்டும் வழவழ என்று கோட்டு உள்துணி. அதைத் தைக்கும்படி அவள் கேட்டதில்லை. ஒருநாள் அவள் அலுத்துக்கொண்டு வந்து, சரியாகச் சறுக்கவே இல்லை, நடுவில் நடுவில் பிடிக்கிறது என்று சொன்னாள். மறுநாள் பேண்ட் மாறியிருந்தது. காதல் வசனம் என்று அவர் பேசியது அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மகன் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றான்.

பெண் தங்கமானவள். பெண்ணின் அம்மாதான் ஆள் வேறு மாதிரி. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அந்த அம்மாள் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகளே போர்வையைச் சரிசெய்து நேராகப் படுத்துக்கொள்வார்களாம். மகன் அவர்கள் வீட்டில் ஒருமுறை சோபாவில் சாய்ந்து உட்கார்ந்ததற்கு, முதுகுவலியா என்று கேட்டாராம். உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும், மனிதர்களைப் பார்க்க வேண்டும், பிறகுதான் சரி என்பேன் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

மகன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் நீ கொஞ்சம் பெரிய மனுஷியா இரும்மா. சறுக்குமரம் மட்டும் வேண்டாம்."

"நான் எப்பவுமே பெரிய மனுஷிதான்டா. எடையைப் பாரு."

"அம்மா."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கேலி தீர்ந்துபோனது. சத்தியம் செய்தாள். கணவர் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி ஊசியில் நூலைக் கோத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பட்டினி நாட்கள் என்றே சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்க்கும் பொறுப்பு வெல்டர் அண்ணன் தலையில் விழுந்தது. அவர் ஊஞ்சலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே, நன்றாக இருக்கிறது என்றார். சறுக்குமரத்தில் படிக்கட்டில் இறங்குவதைப் போல உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். பார்த்துக்கொண்டிருந்த சர்ரக்காவுக்கு, பசித்தவன் எதிரில் ஒருவன் சாப்பாட்டை எண்ணி எண்ணித் தின்கிற மாதிரி இருந்தது.

சம்பந்தியம்மாள் நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. வீடு பெரிய பூங்காவுக்கு நேர் எதிரே. அந்தப் பூங்காவில்தான் புதிதாக ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். மூன்று மாடி உயரம், ஆரஞ்சு நிறக் குழாய், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு சுருண்டு இறங்கும் மூடிய சறுக்குமரம். மறுநாள் திறப்பு விழா. இன்றைக்குள் ஓட்டிப் பார்த்தாக வேண்டும் என்று மேலதிகாரி மதியம் போன் செய்துவிட்டார். அரைநாள் லீவு போட்டு வீட்டில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தவள், அண்ணனே பார்த்துக்கொள்வார் என்றாள். ஆனாலும் சும்மா ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கொடியில் கிடந்த நீல பேண்ட்டை அவசரமாக மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

வெல்டர் அண்ணன் குழாயின் கீழ்வாயில் நின்றுகொண்டு மேலே பார்த்தார். பிறகு, வேலையை விட்டாலும் விடுவேன், இதில் ஏற மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் இதில் ஏறப்போவது பிள்ளைகள். அதை யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டாமா? இது கடமை. அவள் மனசுக்குள் கடமை முன்னே நடந்தது. ஆசை அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே குதித்துக் குதித்துப் போனது. மணி மூன்றுகூட ஆகவில்லை. போய்விட்டு வந்து முகம் கழுவி, சேலை மாற்றி, பெரிய மனுஷியாக உட்கார நேரம் தாராளமாக இருந்தது. படிகளில் தடதடவென்று ஏறினாள். உச்சியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து, கையை விட்டாள்.

முதல் வளைவில் காற்று காதில் விசில் அடித்தது. தொண்டையிலிருந்து தானாக ஒரு ஊளை கிளம்பியது. இரண்டாவது வளைவில் வேகம் குறைந்தது. மூன்றாவது வளைவில் கீச்சென்று ஒரு சத்தம், அதோடு சரி. நின்றுவிட்டாள். காலை உதைத்தாள். பின்பக்கம் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இடுப்பை எக்கினாள். ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி கீச். அவளுக்கு விஷயம் புரியவில்லை.

"அண்ணே, நான் நின்னுட்டேன்," என்று குழாய்க்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"நிக்காதே, வா," என்றார் வெல்டர் அண்ணன் கீழிருந்து, ஏதோ அவள் வேண்டுமென்றே நிற்கிற மாதிரி.

இங்கேதான் ஒரு விஷயம் நடந்தது. குழாய்க்குள் இருந்தவளுக்கு அது தெரியாது. தலைமை நர்ஸுக்கு ஒரு பழக்கம். நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே வந்து பார்ப்பார். சொன்ன நேரத்துக்குப் போனால் எல்லா வார்டும் சுத்தமாகத்தானே இருக்கும்? அப்படி முன்கூட்டியே வந்தவர், பூங்கா வாசலில் காரைவிட்டு இறங்கினார். ஒரு ஆள் ஆரஞ்சுக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதன் வாய்க்குள் தலையை விட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கண்டார். ஆபத்தைக் கண்டால் அந்தக் கால்கள் நிற்காது. விறுவிறுவென்று நடந்து வந்து, வெல்டர் அண்ணனை ஒரே கையால் ஒதுக்கிவிட்டுக் குழாய்க்குள் குனிந்தார்.

"மூச்சு விட முடியுதா?"

யாரோ ஒரு பெண்குரல். சர்ரக்காவுக்கு ஆறுதலாக இருந்தது. "நல்லா முடியுதுங்க."

"கால் விரலை அசைங்க. வலிக்குதா? பயமா இருக்கா?"

"பயமா? அய்யோ, இல்லைங்க. வெயில் அடிக்குதில்ல, உள்ள முழுக்க ஒரே ஆரஞ்சு. பழத்துக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. நீங்களும் ஒருதடவை பார்க்கணும்."

பிறகு அந்தக் குரல், வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டது.

"ஒரே ஒரு கவலைதான். நாலு மணிக்கு எங்க சம்பந்தியம்மா வராங்க. தலைமை நர்ஸு. சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களோ என்னவோ, சிரிக்கவே மாட்டாங்களாம். என்னை இந்தக் கோலத்துல பார்த்தாங்கன்னா என் பையன் கதை முடிஞ்சுது. வழியில யாராவது நர்ஸம்மாவைப் பார்த்தா, நான் இங்க இருக்கேன்னு சொல்லிடாதீங்க."

வெல்டர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லலை," என்றது குரல். "பேண்ட் என்ன துணி? தொட்டுப் பாருங்க."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். வழவழப்பைக் காணோம். சொரசொரவென்று, கனமாக, பள்ளம் பள்ளமாக, வீட்டு வாசலில் போட்டிருந்த ரப்பர் மிதியடி! அதை வட்டமாக வெட்டி, ஓரம் மடித்து, கணவர் தன் நெருக்கமான தையலால் அழகாக வைத்துத் தைத்திருந்தார். இரண்டு நாளாக மிதியடியைக் காணோமே என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி சத்தியத்தைக் காப்பாற்றட்டும் என்று மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஊசியால் சொல்லியிருக்கிறார். வழவழப்பு வைத்த கையே பிரேக்கும் வைத்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. குழாய் அந்தச் சிரிப்பை வாங்கிப் பத்தாக்கிப் பூங்கா முழுக்க இறைத்தது. சிரிப்புக்கு நடுவில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

வெளியே யாரோ இருமினார்கள். இருமலா வேறு ஏதாவதா என்று சொல்வது கஷ்டம். பிறகு அந்தக் குரல் வெல்டர் அண்ணனிடம், குழாயைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாள் எங்கே என்று கேட்டது. படியேறும் காலடிச் சத்தம் டக், டக் என்று அளவெடுத்த மாதிரி மேலே போனது. சற்று நேரத்தில் உச்சியிலிருந்து மடித்த தாள் ஒன்று சரசரவென்று இறங்கி வந்து அவள் முதுகில் இடித்தது.

"இடுப்பைத் தூக்குங்க. தாளை அடியில விடுங்க. கால் நேரா. கை மார்புல."

சொன்னபடி செய்தாள். அவ்வளவுதான். மிச்சமிருந்த வளைவுகள் எல்லாம் ஒரே வளைவாகிவிட்டன. வெளிச்சம் வாயைத் திறந்தது, அவள் குழாயிலிருந்து தெறித்து வந்து மணலில் உட்கார்ந்தாள். பூங்கா ஒரு சுற்று சுற்றி நின்றபோது எதிரே கணவர். கழுத்தில் டேப், கையில் கத்தரிக்கோல், ஓடிவந்த மூச்சு.

"அவங்க கார் வாசல்ல நிக்குது. ஆளைக் காணோம்," என்றார்.

"மிதியடியைக் காணோமேன்னு தேடினேன். இங்க இருக்கு," என்றாள் அவள், எழுந்து திரும்பிக் காட்டி.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெல்டர் அண்ணன் ஒரு விரலை மட்டும் மேலே நீட்டினார். குழாய் உறுமியது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு. அந்த வளைவில் ஒரு சின்ன "ஹூ" கேட்டது. நோயாளிகள் யாரும் கேட்டிருக்காத சத்தம். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இரண்டு முதலில் வந்தன. பின்னாலேயே கஞ்சி போட்ட உடையின் மொடமொடப்போடு தலைமை நர்ஸ் வந்து தையல்காரரின் காலடியில் மணலில் இறங்கினார்.

சர்ரக்காவுக்கு முதலில் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது, பிறகு தான் பேசியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. காது சூடானது. மகனின் முகம் கண்முன் வந்தது. இன்னொரு குழாய் கிடைத்தால் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

நர்ஸம்மாள் எழுந்தார். மணலைத் தட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொண்டையிலிருந்து ஒரு ஊசி தளர்ந்து தொங்கியது, அதை அவர் சரிசெய்யவில்லை.

"முதல் தடவை கண்ணை மூடிட்டேன்," என்றார். "ஆரஞ்சு கலரைப் பார்க்கலை. இன்னொரு தடவை போகணும்."

அவர் தையல்காரர் பக்கம் திரும்பினார். அந்த ரப்பரை முதலில் பிரித்தெடுங்கள் என்றார், தையல் பிரிக்கச் சொல்லும் அதே வார்டுக் குரலில்.

"அப்படியே எனக்கும் ஒரு பேண்ட் வேணும். வழவழ துணி வெச்சது. அளவு என் பொண்ணு சொல்லுவா. கல்யாண வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடுத்துடுங்க, அப்புறம் உங்களுக்கு நேரம் இருக்காது."

கல்யாணம் என்ற சொல் மணலில் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சர்ரக்கா கணவரின் கையிலிருந்த கத்தரிக்கோலைச் சுட்டிவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள்.

"பிரிங்க. சம்பந்தியம்மா காத்திருக்காங்க."

அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார். அவசரத்திலும் துணியில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. கடைசித் தையல் விட்டதும் பெண்கள் இருவரும் படியில் ஏறினார்கள், ஒருத்தி தடதடவென்று, ஒருத்தி டக், டக் என்று.